ஊர் முழுகும் ஆட்டம்

பொருளாதாரப் பேராசிரியர் தமயந்தி, முதலாண்டு மாணவர்கள் வந்ததும் வகுப்பையே ஓர் ஊராக்கி விளையாட விடுவார்.

ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. அதுதான் சம்பளம். வீடு, வண்டி, கல்யாணம் எல்லாம் அதற்குள்தான். மேசைமேல் ஒரு பானை இருக்கும். ஊர்க் கால்வாயைத் தூர்வாரும் செலவுக்கு அதில் விரும்பியதைப் போடலாம், போடாமலும் இருக்கலாம். கடைசிச் சுற்றில் பானை நிறையவில்லை என்றால் ஊருக்குள் வெள்ளம். எல்லோரும் சேர்த்துவைத்த புளியங்கொட்டையும் போய்விடும்.

ஒவ்வோர் ஆண்டும் ஊர் முழுகியது. இந்த ஆண்டும்தான்.

ரஷீதா என்ற மாணவி மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் கையிலிருந்த அத்தனையையும் பானையில் கொட்டினாள். வகுப்பு சிரித்தது.

ஆட்டத்துக்கு உதவியாக நின்ற செல்வின் அவளிடம் போனான். அவன் தமயந்தியிடம் படித்தவன். இப்போது அதே கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர்.

"உனக்குன்னு கொஞ்சம் வச்சிருக்கலாமேம்மா?"

"காலேஜுக்குப் பின்னாடி கால்வாய் இருக்குல்ல சார், அதோட கரையிலதான் எங்க வீடு. போன மழைக்கு அடுப்பு வரைக்கும் தண்ணி."

அடுத்த வாரம் வார்டு சபை கூடியது. அதே கால்வாயை மூடி, மேலே கடைகள் கட்டத் தீர்மானம். கட்டப்போகிறவர் கல்லூரித் தாளாளர். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

தமயந்தி வகுப்பு முழுவதையும் அழைத்திருந்தார். ரஷீதா மட்டும் வந்தாள். செல்வின் கடைசி வரிசையில் இடம் பார்த்து உட்கார்ந்தான்.

"ஆட்சேபணை உள்ளவங்க கை தூக்கலாம்" என்றார் கவுன்சிலர்.

தமயந்தி தூக்கினார். ரஷீதா தூக்கினாள். தாளாளர் மெதுவாகத் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார்.

செல்வினின் கை மடியிலேயே இருந்தது.

தீர்மானம் நிறைவேறியது. ரஷீதா யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினாள்.

தமயந்தி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செல்வின் பக்கத்தில் வந்து நின்றான்.

"நான் படிச்சப்பவும் இதே ஆட்டம்தான் மேடம்."

"ஆமா."

"அப்பவும் ஊர் முழுகிடுச்சு."

"ஆமா."

"ஒரு வருஷமாவது தப்பிச்சிருக்கா?"

"இல்ல."

"இனிமேலாவது தப்பிக்கும்னு நம்புறீங்களா?"

தமயந்தி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"இல்லப்பா."

"அப்புறம் எதுக்கு மேடம் வருஷா வருஷம் ஆட வைக்கிறீங்க?"

அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

"நாளைக்குத் தண்ணி வர்றப்போ, எனக்குத் தெரியாதேன்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது செல்வின். அதுக்குத்தான்."