வாயில்லாத செருப்பு

அந்தக் காலத்தில் மாடுகள் பேசும். ஏரில் பூட்டும்போது முணுமுணுக்கும். மழை வாசனை வந்தால் மனிதருக்கு முன்னால் சொல்லும். செத்த பிறகும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் மிச்சம் இருக்கும். அது தோலில் தங்கியிருக்கும். அந்தத் தோலை இரண்டு அடுக்காக வைத்துச் செருப்பாகத் தைத்துக் கடைசி முடிச்சுப் போட்டதும், அடுக்குகளுக்கு நடுவிலிருந்து அது வெளியே வரும். இடது செருப்பு பாதியைச் சொல்லும், வலது செருப்பு மீதியைச் சொல்லி முடிக்கும். ஒரே ஒரு முறைதான். "என் பங்குத் தவிட்டை" என்றது ஒரு கிழ எருதின் இடது செருப்பு. "அந்தச் செவலைக்குப் போடுங்கள்" என்றது வலது.

கரட்டடி என்ற ஊரில் சோணை என்று ஒருவன் செருப்புத் தைத்துவந்தான். அவன் கருவிகளெல்லாம் அவனே செய்தவை. உடைந்த அரிவாளின் துண்டு அவனுக்குக் கத்தி. குத்தூசி வெள்ளாட்டுக் கொம்பில் சீவியது. நுனி சற்று வளைந்துபோயிருந்தது. நேராக வரும் தையல் குதிகால் வளைவில் மட்டும் ஒரு துளை கோணிக்கொள்ளும். மற்றவர்களின் ஊசியும் இந்த லட்சணம்தான். கோணாமல் தைத்தவர் எவரும் அன்று இல்லை.

"மச்சான், உன் தையல் கள்ளுக் குடிச்சிட்டு வீட்டுக்குப் போற மாதிரில்ல போகுது" என்பான் வீரணன். அவன் சோணையின் மனைவி சடச்சிக்குத் தம்பி, அவனும் தோல் வேலைக்காரன்.

"உன்னுது மட்டும் கோயிலுக்கா போகுது, மாப்ள?" என்பான் சோணை.

மூன்று வருடம் மழை இல்லை. கிணறுகளில் தவளையின் எலும்பு தெரிந்தது. சோணையின் மாடு மயிலை ஒருநாள் மூக்கைத் தூக்கி, "ரொம்பத் தூரத்தில் ஈரம் இருக்கிறது" என்றது. சோணைக்குக் கையில் வேலை இருந்தது. பத்து வயது மகள் குருவம்மாள், "நான் போயிட்டு வர்றேன்யா, மயிலை இருக்குல்ல" என்றாள். மாட்டின் இரண்டு பக்கமும் பானையைக் கட்டிக்கொண்டு போனாள். அவன் தலைநிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முடிச்சு ஒன்று பாதியில் இருந்தது.

ஐந்தாம் நாள் மயிலை மட்டும் வந்தது. நாக்கு வீங்கி வாயை அடைத்திருந்தது. சடச்சி அதன் கொம்பைப் பிடித்து உலுக்கினாள். "எங்கடா விட்ட எம்புள்ளைய? சொல்லித் தொலையேன்!" அது தலையைத் தூக்கப் பார்த்தது. முடியாமல் வாசலிலேயே விழுந்து செத்தது.

ஊரார் நாலு திக்கும் போனார்கள். தொண்டை காய்ந்து திரும்பினார்கள். இனி வழி சொல்ல அந்தத் தோல் ஒன்றுதான் இருந்தது.

வீட்டில் இருந்த கடைசிப் பானைத் தண்ணீரை அதை ஊறப்போட ஊற்றினார்கள். பதமாகும்வரை காத்திருக்க நேரமில்லை. ஆவாரம்பட்டைப் பொடியை அள்ளித் தேய்த்து, மூன்றாம் நாளே சோணை அதைப் பச்சை வாடையோடு எடுத்தான். என்றோ பெய்த மழையில் குருவம்மாள் வைத்த காலடி ஒன்று வாசல் மண்ணில் காய்ந்து கிடந்தது. அந்த அளவுக்குத் தோலை வெட்டினான்.

அப்போது வீரணன் சொன்னான்: "மச்சான், போன தடவை எருமைத் தோல் பேசினது கரகரன்னு இருந்துச்சு. தையல் கோணினா சொல்லும் கோணத்தான் செய்யும். இந்தத் தடவை ஒரு எழுத்து சிதறக் கூடாது."

அக்கா மகளுக்காக அவன் மனதாரத்தான் சொன்னான். சோணைக்கும் அது சரியென்று பட்டது. கரட்டுக் குன்றில் இருந்த முள்ளம்பன்றியும் அன்று பேசும்; அதனிடம் போய் ஒரு முள் கேட்டான்.

"எதற்கு?"

"நேராத் துளைக்கணும்."

"நேராகத் துளைக்கும்" என்றது முள்ளம்பன்றி. "அதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. யோசித்துக்கொள்."

சோணை யோசிக்கவில்லை. அந்த முள்ளைக் கல்லில் உரசி உரசிக் கூராக்க ஒரு பகல் முழுதும் போயிற்று.

"அந்தப் பழைய ஊசியே போதும்யா" என்று சடச்சி அழுதாள். "புள்ள காத்துக்கிட்டிருப்பா."

"ஒரு நாள் பொறு தாயி. சுத்தமாக் கேட்டுட்டா நேரா ஓடிப்போய்த் தூக்கிட்டு வந்துருவேன்."

இடது செருப்பைத் தைத்தான். குதிகால் வளைவில் கை பழக்கத்தில் கோணப் பார்த்தது. பல்லைக் கடித்து நிறுத்தினான். எறும்பு வரிசைபோல் தையல் வந்தது. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுக் காதை வைத்தான். சத்தமில்லை. இரண்டும் முடிந்தால் பேசுமோ என்று வலதையும் தைத்தான். அதுவும் பேசவில்லை. அப்படி ஒரு ஜோடிச் செருப்பை உலகம் பார்த்ததில்லை. சடச்சி இடதை எடுத்து அழுத்தினாள். உள்ளே எதுவோ அடைபட்டு, கிறீச் என்றது.

"பிரிய்யா அதை!"

சோணை கத்தியால் இடது செருப்பைக் கிழித்தான். உள்ளே இருந்தது மொத்தமாக, மூச்சாக வெளியேறிவிட்டது. ஒரு சொல்கூட இல்லை. நனைந்த மணலின் வாசனை மட்டும் இரண்டு பேர் முகத்திலும் பட்டது. கிழிசல் வாயாகுமா? இத்தனை காலமும் வாயாக இருந்தது அந்தக் கோணல் துளைதான் என்று சோணைக்கு அப்போதுதான் தெரிந்தது.

பழைய கொம்பு ஊசியை எடுத்து, வலது செருப்பின் குதிகாலில் ஒரே ஒரு துளை போட்டான். அது கோணலாக விழுந்தது. அதன் வழியே மயிலையின் குரல், தெளிவாக, மீதிப் பாதியைச் சொன்னது:

"அங்கே உட்கார்ந்திருக்கிறாள். அப்பா வருவார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்."

எங்கே என்பது இடது செருப்பில் இருந்தது.

சோணை கிழிந்ததையும் கிழியாததையும் மடியில் கட்டிக்கொண்டு நடந்தான். அவன் எந்தத் திசையில் போனான் என்பதைச் சொல்லவும் ஆளில்லை. சடச்சி வாசலில் இருந்த காலடிமேல் ஒரு கூடையைக் கவிழ்த்துவைத்தாள். பிறகு மழை வந்தது; கூடைக்கு அடியிலும் தண்ணீர் புகுந்தது. ஊர்க் கொட்டில்களில் நின்ற மாடுகள், மயிலையின் கடைசி வாக்கியம் வீணானது வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தன. அதன்பின் அவை மனிதரிடம் வாய் திறக்கவில்லை. இறந்தபோதும் தோலில் எதையும் விட்டுப்போகவில்லை.

அதனால்தான் கையால் தைத்த செருப்பில் எங்காவது ஒரு தையல் கோணலாக இருக்கிறது. எவ்வளவு நல்ல ஊசி வைத்திருந்தாலும் தைப்பவர்கள் அந்த ஒன்றைக் கோணவே விடுகிறார்கள். புதுச் செருப்பு கிறீச்சிட்டால் இன்றும் சற்று நின்று கேட்கிறார்கள். அது கிறீச்சிட மட்டும்தான் செய்கிறது.