விற்காத உப்பு

நாட்டின் சந்தை எவ்வளவு பெரியது என்று அமைச்சருக்குத் தெரிய வேண்டியிருந்தது. எத்தனை வண்டி தானியம் விற்கிறது, அதைச் சுமந்து போகிறவர்களுக்கு எவ்வளவு வாடகை கிடைக்கிறது, இரண்டும் வேண்டும். அரண்மனைக் களத்தில் ஒரு பாலத்துக்கு மட்டும் மரம் அறுத்து வைத்திருந்தார்கள். சந்தை பெரிதாக இருக்கும் திசைக்குத்தான் அந்தப் பாலம்.

அளக்கும் வேலை உமையாளிடம் வந்தது. அவள் அளக்கக் கற்றுக்கொடுக்கும் அளவைச் சாலையின் ஆசிரியை. வயது முப்பத்தைந்துகூட இருக்காது. சீடர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். எல்லோரிலும் மூத்தவர் செங்கோடன். தலை முழுவதும் நரைத்த பிறகு படிக்க வந்தவர். அதற்கு முன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

திசைக்கு ஒருவரை அனுப்பினாள் உமையாள்.

“எனக்குத் தெக்கு குடுங்க, தாயி” என்றார் செங்கோடன்.

“தெக்கே என்னண்ணே இருக்கு? பாலம் போனதுலேருந்து அந்தப் பக்கம் ஈ காக்கா போறதில்லையே.”

செங்கோடன் தரையைப் பார்த்தார்.

“விடுங்கம்மா. அண்ணனுக்குத் தெக்குக் காத்துதான் உடம்புக்கு ஒத்துக்கும்” என்றான் ஆதப்பன். அவன் வடக்கே போகிறவன். மற்றவர்கள் சிரித்தார்கள். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும்.

தெற்கே ஒரு பெரும் பள்ளம். அடியில் ஆறு. அதன் அந்தப் பக்கத்து ஊரில்தான் செங்கோடனின் மகள் நாச்சாயி வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் கல்யாணம் முடிந்த மாதம் வெள்ளம் வந்து பாலத்தை இழுத்துக்கொண்டு போயிற்று. காட்டைச் சுற்றிக்கொண்டும் போகலாம். ஒருமுறை அப்படிப் போக முயன்றார். பாதி வழியில் காய்ச்சல் கண்டு, யாரோ தூக்கிக்கொண்டு வந்து விட்டார்கள். பிறகு ஒரு தேன் எடுக்கிறவன் அந்தப் பக்கத்திலிருந்து வந்தான். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றான். அடுத்த முறை வந்தபோது, குழந்தை நடக்கிறது என்றான். அதற்கப்புறம் அவனும் வரவில்லை.

“சரி, போங்கண்ணே” என்றாள் உமையாள்.

அளப்பதற்கு அவர்களிடம் ஒரு முறை இருந்தது. சுங்கச் சாவடியில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். வண்டி வந்தால் சுண்ணாம்பில் விரலை நனைத்து நுகத்தில் ஒரு கோடு இழுக்க வேண்டும். அடுத்த சாவடிக்காரன் கோட்டைப் பார்த்து அந்த வண்டியை விட்டுவிடுவான். ஒரே பாரம் இரண்டு முறை கணக்கில் ஏறாது.

அறுவடைக் காலம் முடிந்ததும் எல்லோரும் திரும்பி வந்தார்கள். ஆதப்பன் தூக்க முடியாமல் ஓலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“பாலம் வடக்குக்குத்தாம்மா. இப்பவே மரத்தை ஏத்தச் சொல்லிடுங்க.”

உமையாள் இரண்டு ஓலை படித்தாள்.

“நெல்லுக்கு ஒரு ஓலை, அரிசிக்கு ஒரு ஓலை வச்சிருக்கியே?”

“ரெண்டும் விக்குதேம்மா.”

“களத்துக்கு நெல்லாப் போனதும், குத்தி அரிசியா வெளியே வந்ததும் ஒரே மூட்டைதானே? ஒரு பிள்ளைக்கு ரெண்டு தடவை தொட்டில் கட்டுறியா?”

“குத்தின கூலின்னு ஒண்ணு இருக்குல்ல?”

“அப்ப கூலியை மட்டும் கூட்டு.”

ஆதப்பனின் கட்டு பாதியாக இளைத்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். செங்கோடன் சிரிக்கவில்லை. அவர் கையில் ஒரே ஒரு ஓலை இருந்தது. அதை நீட்டினார்.

‘தெற்கு. சந்தை நாளுக்கு நாற்பது வண்டி.’

உமையாள் அவரைப் பார்த்தாள்.

“கண்ணால பாத்தீங்களாண்ணே?”

“பாத்தேன், தாயி.”

“எப்போ?”

வெளியே யாரோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சத்தம் கேட்டது.

“பாலம் இருந்தப்போ” என்றார் செங்கோடன். “நாப்பதும் நானும் என் கூட்டாளிங்களும் ஓட்டின வண்டி. பொய் இல்லை.”

“இப்போ?”

“ஒண்ணுகூட வரலை. கலயத்துல சுண்ணாம்பு காஞ்சு பாளம் பாளமா வெடிச்சுப் போச்சு.”

உமையாள் ஓலை சுரண்டும் கத்தியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவரே எழுத்தைச் சுரண்டினார். மெதுவாகச் சுரண்டினார். வெறும் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஒண்ணு கேக்கட்டுமா, தாயி? வண்டி போகலை, அதனால அங்கே சந்தை இல்லைன்னு நாம எழுதுறோம். சந்தை இல்லை, அதனால பாலம் இல்லைன்னு அமைச்சர் சொல்லுவாரு. பாலம் இல்லை, அதனால வண்டி போகாது. இதுல நான் எந்த முனையைப் பிடிச்சு அளக்கிறது?”

“இருங்க” என்றாள் உமையாள். “அமைச்சர் வரட்டும்.”

அமைச்சர் வந்தார். கிழக்கு ஓலை, மேற்கு ஓலை, வடக்கு ஓலை எல்லாம் படிக்கக் கேட்டுத் தலையாட்டினார். தெற்கு ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல ஒண்ணும் இல்லையே?”

“அது இன்னும் அளந்து முடியலைங்க ஐயா” என்றாள் உமையாள்.

“அதான் ஒண்ணும் கடக்கலைன்னு ஊருக்கே தெரியுமே.”

“எனக்கு ஒரு வண்டி உப்பு வேணும். நீங்களும் கூட வரணும்.”

“உப்பு எதுக்கு? அங்கே விக்கவா?”

“விக்காதுங்க.”

“பின்னே?”

“அளக்கத்தான்.”

அமைச்சருக்குக் கோபம் வரவில்லை. அளவைச் சாலைக்காரர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். உப்புக்குச் சொல்லி அனுப்பினார்.

செங்கோடன்தான் வண்டி ஓட்டினார். பழைய பாதையில் புல் மண்டிக் கிடந்தது. ஆனாலும் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று அவர் கைக்கு நினைவிருந்தது. அமைச்சர் ஒரு குலுக்கலுக்கும் முனகவில்லை. ஆதப்பன்தான் முனகினான்.

“வடக்கே எல்லாம் வண்டியில தூங்கிட்டே போவேன், அண்ணே.”

“தூங்கினதாலதான் ஒரே மூட்டையை ரெண்டு தடவை எண்ணிட்ட.”

பள்ளத்தின் விளிம்பில் வண்டி நின்றது. எதிர்ப்பக்கம் பாறையும் புதரும். ஆள் இல்லை. உமையாள் இறங்கி, மாடுகளின் கழுத்துச் சலங்கையைக் கழற்றி வாங்கினாள். விளிம்பில் நின்று குலுக்கினாள். நிறுத்தினாள். மறுபடியும் குலுக்கினாள்.

“யாரைக் கூப்பிடறே?” என்றார் அமைச்சர்.

அவள் குலுக்கிக்கொண்டே இருந்தாள்.

எதிர்ப்பக்கம் முதலில் ஒரு நாய் வந்தது. அப்புறம் குடத்தோடு ஒரு பெண். அவள் வண்டியைப் பார்த்தாள். குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஊர்ப்பக்கம் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் புதர்களுக்கு நடுவிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். விளிம்பு முழுவதும் தலையாக இருந்தது. கத்தினார்கள். ஆற்றின் இரைச்சலில் வார்த்தை ஒன்றும் புரியவில்லை.

உமையாள் ஒரு மூட்டையைப் பிரித்தாள். ஒரு பிடி உப்பை எடுத்துக் கையை உயர்த்தி மெல்ல வழிய விட்டாள். வெயிலில் அது வெள்ளையாக இறங்கியது.

எதிர்ப்பக்கம் கைகள் உயர்ந்தன. மஞ்சள் கொத்தைத் தூக்கிக் காட்டினார்கள். தேன் குடுவையைக் காட்டினார்கள். இரண்டு பேர் ஒரு பலாவைத் தோளில் வைத்துக் காட்டினார்கள். ஒருவன் கன்றுக்குட்டியை இழுத்து வந்து விளிம்பில் நிறுத்தினான்.

ஆதப்பனால் சும்மா இருக்க முடியவில்லை. மாட்டுத் தரகன் மாதிரி கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு விரல்களை மட்டும் வெளியே நீட்டினான். எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவனும் விரல்களை நீட்டினான்.

“மூட்டைக்கு ரெண்டு பலாங்கிறான். நான் மூணு கேட்டேன்.” எட்டிப் பார்த்தான். “சரிங்கிறான், ஐயா! பேரமே பண்ணலை!”

அமைச்சர் சிரித்துவிட்டார்.

செங்கோடன் பலாவைப் பார்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிவப்புப் புடவை கட்டிய ஒரு பெண் முன்னால் வந்திருந்தாள். அவள் கையில் விற்க ஒன்றும் இல்லை. இடுப்பிலிருந்த குழந்தையை இரண்டு கைகளாலும் உயரத் தூக்கிப் பிடித்தாள்.

ஆதப்பன் துண்டைக் கீழே இறக்கினான்.

“நம்ம பொண்ணாண்ணே?”

“தெரியலைடா. தூரம்.”

ஆனாலும் அவர் தலைப்பாகையை அவிழ்த்தார். அதை இரண்டு கைகளிலும் விரித்து உயர்த்திப் பிடித்தார். குழந்தை கீழே இறங்கியது. மறுபடியும் உயர்ந்தது. இன்னும் உயரமாக.

பொழுது மேற்கே இறங்கியது. மாடுகள் நிலைகொள்ளாமல் காலை மாற்றி வைத்தன. அமைச்சர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

“போகலாமா? இருட்டினா பாதை தெரியாது.”

ஆதப்பன் மாடுகளை நுகத்தில் பூட்டினான்.

“ஒரு பிடி உப்பும் விக்கலை” என்றார் அமைச்சர்.

“விக்கலைங்க” என்றாள் உமையாள்.

“காலணா வாடகையும் வரலை.”

“வரலைங்க.”

அமைச்சர் வண்டியின் படியில் ஒரு காலை வைத்தார். கையில் ஓலையும் எழுத்தாணியும் இருந்தன.

“அப்ப தெக்குக்கு என்னன்னு எழுத?”

உமையாள் மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“முதல்ல திரும்பிப் போனது அவங்களா, நாமளான்னு எழுதுங்க, ஐயா.”

அமைச்சர் பள்ளத்துக்கு அப்பால் பார்த்தார். அங்கே ஒருவரும் அசையவில்லை. படியிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தார்.

இந்தப் பக்கம் செங்கோடனும் அசையவில்லை. உயர்த்திய கைகளை இன்னும் இறக்கவில்லை.