இலையின் அடிப்பக்கம்

"கண்ணை மூடி உட்கார்ந்தா இருட்டுதான் இருக்கு அம்மா," என்றார் ஆதிமூலம். "மத்தவங்க எல்லாம் என்னென்னவோ பார்த்ததா சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் வர மாட்டேங்குது."

நப்பின்னை அம்மை தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி அறையில செடிங்க எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"பார்த்தீங்களா?"

"தினம் நான்தானே தண்ணி ஊத்தறேன்."

"பார்த்தீங்களான்னு கேட்டேன்."

சேர்வராயன் மலையில், காப்பித் தோட்டங்கள் முடிகிற இடத்தில் இருந்தது அந்தத் தியான இல்லம். அம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆதிமூலம் ரயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மூத்த மகளும் அம்மையும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் மலையேறி வந்து, அம்மை முன் தரையில் உட்கார்ந்தவர், திரும்பிப் போகவில்லை.

இல்லத்தின் தெற்குப் பக்கம் ஒரு கண்ணாடி அறை. அதில் கோமளவல்லி படுத்திருந்தார். அவரும் அம்மையின் சீடர்தான். நுரையீரல் பழுதானவர். குளிர் ஆகாது என்பதால் அங்கே எப்போதும் ஹீட்டர் எரியும். அவருக்குத் துணையாகக் கட்டிலைச் சுற்றித் தொட்டிச் செடிகள்.

அம்மை எழுந்து அந்த அறைக்குப் போனார். ஆதிமூலம் பின்னால் போனார்.

"பனைக்கு முகமே சரியில்லை," என்றார் கோமளவல்லி, கட்டிலில் இருந்தபடியே. தொட்டிப் பனையைத்தான் சொன்னார். அதன் இலைகள் சாம்பல் பூத்தாற்போல வெளிறியிருந்தன. "நான் சொன்னேன். இவர் இன்னும் ரெண்டு செம்பு தண்ணி ஊத்தினார்."

அம்மை ஓர் இலையைத் திருப்பினார்.

"இது என்ன?"

"தூசு."

"தூசு நடக்குமா?"

ஆதிமூலம் குனிந்தார். ஒன்றும் தெரியவில்லை. கோமளவல்லி பூத்தையலுக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியைத் தலையணை அடியிலிருந்து எடுத்து நீட்டினார்.

ஆதிமூலம் பார்த்தார்.



இலையின் அடியில் ஓர் ஊர் இருந்தது. நரம்புக்கு நரம்பு பட்டு நூல் கட்டிய ஊர். நூலெல்லாம் மினுங்கியது. அதன் மேல் கண்ணாடி போன்ற உடம்புகள் போய் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு கரும்புள்ளிகள், மூட்டை சுமப்பதுபோல. இடையிடையே முட்டைகள். அப்படியொரு உருண்டையை அவர் எங்கும் கண்டதில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முட்டை விண்டது. உள்ளிருந்து வந்தது ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு உலகத்துக்குள் நடந்து போனது.

சாப்பாட்டு மணி அடித்தது. அவர் காதில் விழவில்லை.

"ஐயா," என்றார் அம்மை.

"இதுக்கு மேலதான் தினமும் தண்ணி ஊத்திட்டு இருந்தேன்," என்றார் ஆதிமூலம். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"சிலந்திப்பேன். இலையைக் குடிச்சுத்தான் உயிர் வாழும். இந்தச் சூடும் வறண்ட காத்தும் அதுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"விட்டா?"

"பனை போயிடும். அடுத்து அந்த ஐவிக் கொடி. அப்புறம் எல்லாம்."

ஆதிமூலம் கட்டிலைப் பார்த்தார். கோமளவல்லி பனையின் ஓர் ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கொல்லலாமா அம்மா?"

"பார்த்துட்டீங்க இல்ல?"

"பார்த்துட்டேன்."

"அப்போ நீங்கதான் செய்யணும்."

மறுநாள் ஆதிமூலம் பக்கத்து எஸ்டேட் மேஸ்திரியிடம் கேட்டு மருந்து வாங்கி வந்தார். ஒரு பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருந்தார் மேஸ்திரி. ஆதிமூலம் அதைக் கைப்பதமாகத் தண்ணீரில் கலந்து, விசைத் தெளிப்பானில் நிரப்பினார்.

வெளியே பனிமூட்டம். கண்ணாடி அறையின் சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கோமளவல்லி மதியத் தூக்கத்தில் இருந்தார். அவர் எழுவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தார் ஆதிமூலம்.

தெளிப்பானைத் தூக்கிப் பிடித்தபோது அம்மை உள்ளே வந்தார். பனையின் அடியில் பாயை விரித்தார். சப்பணமிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மா, கொஞ்சம் வெளியே இருங்க. மருந்து அடிக்கப் போறேன்."

"அடிங்க."

"விஷம் அம்மா."

"யாருக்கு?"

"பேனுக்கு."

"விஷத்துகிட்ட அப்படிச் சொல்லி வச்சிருக்கீங்களா?"

ஆதிமூலம் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"அதுக்குப் பேரு என்ன?" என்று அம்மை கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எதுக்கு?"

"கையில வச்சிருக்கிறதுக்கு."

"பேரு கேட்கலை. பூச்சி மருந்துன்னு கொடுத்தார்."

"பேரு தெரியாத ஒருத்தரை, கோமளா தூங்குற அறைக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

அம்மை ஆழமாக மூச்சை இழுத்தார். கட்டிலில் கோமளவல்லியின் மூச்சும் ஏறி இறங்கியது. இழுப்பின் முடிவில் சிறு விசில் சத்தம். அந்த அறையில் காற்று ஒன்றுதான் இருந்தது. அம்மைக்குள் போனதும், கட்டிலில் இருந்தவருக்குள் போனதும், இலையின் அடியில் இருந்த ஊருக்குள் போனதும் அதேதான்.

ஆதிமூலத்தின் விரல் விசையில் இருந்தது. அந்த விரலை எடுக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. இன்னொரு கையால் பிடித்து விலக்கினார்.

மெல்ல, சத்தமில்லாமல், கதவைத் திறந்து வெளியே போனார்.

கலந்ததைக் கொட்ட இடம் தேடினார்.

சாக்கடையில் ஊற்றலாம் என்று போனார். சாக்கடை ஓடைக்குப் போகிறது. ஓடை கீழே ஊருக்குப் போகிறது. திரும்பினார். பலாமரத்தடிக்குப் போனார். மண்புழு நெளிந்தது. பாறைக்குப் போனார். பாறையின் பள்ளத்தில் தேங்கியிருந்த மழைநீரை ஒரு சிட்டு குடித்துக்கொண்டிருந்தது. குப்பைக் குழிக்குப் போனார். அங்கே ஒரு நாய் படுத்திருந்தது.

மலையைச் சுற்றி வந்தார். சுமை குறையவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வந்து அம்மையின் முன் நின்றார். தெளிப்பானும் பாட்டிலும் கையிலேயே இருந்தன.

"எங்கேயும் இடமில்லை அம்மா."

"ஆமா," என்றார் அம்மை.

எஸ்டேட்டில் மிச்ச மருந்தைப் பூட்டி வைத்து, அழிப்பதற்கென்றே வரும் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஆதிமூலம் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் ஒப்படைத்தார். மேஸ்திரி சிரித்தார். "இவ்வளவு யோசிச்சா விவசாயம் பண்ண முடியுமா சார்?"

ஆதிமூலம் சிரிக்கவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடியும் கழுவினார்.

அடுத்த நாள் ஊருக்கு இறங்கினார். பயிர் மருந்துக் கடைக்காரரிடம் காகிதத்தில் சுற்றிய இலையைக் காட்டினார்.

"இது பூச்சி இல்லை சார்," என்றார் கடைக்காரர். "எட்டுக்கால். சிலந்திக்குச் சொந்தம். பூச்சி மருந்துக்கு அடங்காது. செடி எங்கே இருக்கு?"

"வீட்டுக்குள்ள."

"ஆள் இருக்கிற அறையா?"

"நுரையீரல் சரியில்லாதவங்க இருக்கிற அறை."

கடைக்காரர் எடுக்கப் போன புட்டியை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார். "பேனுக்குன்னே வர்றது. தொட்டிச் செடிக்கு அடிக்கலாம்னு இதுலேயே போட்டிருக்கு. ஆனா அறைக்குள்ள வச்சு அடிக்காதீங்க. படிச்சுப் பார்த்துட்டுச் செய்ங்க."

புட்டியைக் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோகாமல், வாசலுக்கு வெளியே நின்று அம்மையிடம் காட்டினார் ஆதிமூலம்.

"படிங்க," என்றார் அம்மை.

ஆதிமூலம் மருந்தின் பெயரைப் படித்தார்.

"சின்ன எழுத்தையும்."

பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. விஷத்தின் கடுமையைக் காட்டும் சாய்சதுரக் குறியின் நிறத்தில் தொடங்கினார். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு மருந்து. உணவுப் பாத்திரத்தில் அளக்கக் கூடாது. கையுறை. முகக்கவசம். கண்ணுக்குக் காப்பு. முழுக்கைச் சட்டை. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அருகில் கூடாது. மீனுக்குக் கேடு, நீர்நிலையில் கலக்கக் கூடாது. உடம்பில் பட்டால் என்ன செய்வது. உள்ளே போனால் யாரிடம் ஓடுவது.

அம்மை கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். அது என்ன பாடமானாலும் அவர் அப்படித்தான் கேட்பார்.

"மீன் பத்தி இன்னொரு தடவை படிங்க," என்றார் கோமளவல்லி உள்ளிருந்து.

ஆதிமூலம் படித்தார்.

"எங்கேயோ இருக்கிற மீன்," என்றார் கோமளவல்லி. 

செடிகளை ஒவ்வொன்றாக வெளியே தூக்கினார் ஆதிமூலம். பக்கங்கள் திறந்த விறகுக் கொட்டகையில், ஒன்றின் இலை இன்னொன்றில் படாமல் தள்ளித் தள்ளி வைத்தார். முதலில் வெறும் தண்ணீரால் இலைகளின் அடிப்பக்கத்தைப் பீய்ச்சிக் கழுவினார். பட்டு நூலெல்லாம் அறுந்து போயிற்று. அதைப் பார்க்க அவருக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் பார்த்தார்.

பனையின் ஒரே ஓர் ஓலையில் மட்டும் மருந்தடித்துவிட்டு மறுநாள் வரை காத்திருந்தார். ஓலை கருகவில்லை.

அன்று மாலை, வெயில் தணிந்து, காற்றும் நின்ற பிறகு, கையுறையும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு வந்தார். மூடியால் அளந்தார். வேண்டிய அளவுக்கு மட்டும் கலந்தார். காற்று வருகிறதா என்று ஒருமுறை முகத்தைத் திருப்பிப் பார்த்தார். ஓர் இலையைத் திருப்பிப் பிடித்து, அப்படியே நின்றார்.

"என்ன?" என்றார் தள்ளி நின்ற அம்மை.

"ஒண்ணுமில்லை அம்மா. தலை நிமிர்ந்து பார்க்கிற மாதிரி இருந்தது."

"பார்த்திருக்கலாம்."

ஆதிமூலம் விசையை அழுத்தினார். இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், காம்பு, தண்டின் இடுக்கு. ஒன்றும் மிச்சம் வைக்காமல், ஒரு சொட்டும் வீணாக்காமல். முடித்ததும் தெளிப்பானை அலசினார். அலசிய தண்ணீரையும் அந்தச் செடிகளுக்கே அடித்தார். புட்டியை எட்டாத உயரத்தில் வைத்துப் பூட்டினார். போட்டிருந்த உடுப்பைத் தனியாகத் துவைத்தார். குளித்தார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மை வற்புறுத்தவில்லை.

செடிகள் நன்றாகக் காய்ந்து, வாடை அடங்கிய பிறகும் கொட்டகையிலேயே இருந்தன.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார் அம்மை.

"முடிஞ்சுது."

"பாருங்க."

ஆதிமூலம் பூதக்கண்ணாடியைப் பிடித்தார். நடமாட்டம் இல்லை. காலியான ஊர். ஆனால் இலை நரம்பின் ஓரத்தில், முட்டைகள். அதே உருண்டை. அதே ஒளி. ஒன்றும் நடக்காததுபோல.



"இதுங்களுக்கு ஒண்ணும் ஆகலை அம்மா."

"புட்டியில என்ன போட்டிருக்கு?"

"இடைவெளி விட்டு இன்னொரு தடவை அடிக்கணும்னு."

"அப்போ மருந்து செஞ்சவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு," என்றார் அம்மை.

புட்டி சொன்ன இடைவெளி முடிந்தது. ஆதிமூலம் மறுபடியும் எல்லாம் மாட்டிக்கொண்டு கொட்டகையில் இருந்த செடிகளுக்கு அடித்தார். பனையில் புதுக் குருத்து எட்டிப் பார்த்தது.

ஐவிக் கொடி ஒன்று மட்டும் பாக்கி. பேன் அதில் குறைவாக இருந்ததால், முதல் முறை மருந்தடிக்காமல் கழுவி மட்டும் விட்டு, சாமான் அறையில் தனியாக வைத்திருந்தார்கள். அதையும் கொட்டகைக்குக் கொண்டுவரப் போனார் ஆதிமூலம்.

அம்மை கொட்டகையில் காத்திருந்தார். ஆதிமூலம் வரவில்லை.

அம்மை போய்ப் பார்த்தார். சாமான் அறையின் சன்னலோரம், கையுறையைக் கழற்றிவிட்டு, கொடியின் முன் மண்டியிட்டிருந்தார் அவர். பூதக்கண்ணாடி கண்ணோடு ஒட்டியிருந்தது.

"மருந்து அடிக்கலையா?"

ஆதிமூலம் நகர்ந்து இடம் விட்டார். கண்ணாடியை நீட்டினார்.

அம்மை மண்டியிட்டுப் பார்த்தார்.

நூல்களுக்கு இடையே வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆரஞ்சு நிறம். துளி போன்ற உடம்பு. முதுகில் புள்ளி இல்லை. அவ்வளவு வேகமான ஒன்றை அந்த ஊரில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. அது ஒரு முட்டையிடம் வந்து நின்றது. கட்டிப் பிடித்து உறிஞ்சியது. முட்டையின் ஒளி மெல்ல மங்கியது. வெறும் தோலாகச் சுருங்கியது. அது அடுத்த முட்டைக்கு ஓடியது. அதற்குப் பின்னால், அதே நிறத்தில் இன்னொன்று.

"இது நாம வளர்த்ததா?" என்று கேட்டார் அம்மை.

"இல்லை அம்மா."

"யாராவது கொண்டு வந்து விட்டாங்களா?"

"சன்னல்கூட திறக்கலையே. மருந்து அடிச்சா இதுவும் போயிடும்."

இருவரும் ஒரே இலையின் முன் மண்டியிட்டிருந்தார்கள். வெளியே பனிமூட்டம் மலையை மூடியிருந்தது. திறந்த கதவு வழியாகக் குளிர்ந்த காற்று வந்தது.

அம்மை கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"கதவைச் சாத்துங்க ஐயா. இலை ஆடுது."