பழைய தண்ணீர்

நிறைந்த குடத்தைக் கவிழ்த்தால் முதலில் ஒரு விக்கல் கேட்கும், பிறகுதான் தண்ணீர் கொட்டும். வெகுகாலத்துக்கு முன், ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த சத்திரத்தில், விடியும்போது அந்த விக்கல் குடத்துக்குக் குடம் தாவிப் போகும்.

வெளியூர் நோயாளிகளும் துணைக்கு வந்தவர்களும் காசில்லாமல் தங்குகிற சத்திரம் அது. நடத்தியவர் மங்கையர்க்கரசி அம்மை, காவி கட்டியவர். அவருடைய சீடர் பிரமநாயகம் அவரைவிட மூத்தவர். மின்வாரியத்தில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றபின் வந்து சேர்ந்தவர். குரு சீடரை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார்.

அந்தக் கோடையில், சத்திரத்துக்குப் பணம் தருகிற அறக்கட்டளையார் சொல்லிவிட்டார்கள். லாரித் தண்ணீருக்கும் கரண்டுக்கும் ஆகிற செலவு ஆடிக்குள் குறையாவிட்டால் மாடியைப் பூட்டிவிடுவது. மாடியில் இருந்தவர்களுக்கு அடுத்த இடம் ஆஸ்பத்திரி வாசல்தான்.

"எப்படிம்மா குறைக்கிறது?" என்றார் பிரமநாயகம்.

"ஒங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யுங்க."

அவர் குழாய்களுக்குப் பூட்டுப் போட்டார். காலையில் கொஞ்ச நேரம் மட்டும் திறந்தார். வராந்தா விளக்குகளை அணைத்தார். பந்தியில் சோறு ஒரே தடவைதான், மறுசோறு கிடையாது என்றார்.

மாதம் முடிந்தது. லாரி முன்னைவிட அதிகமாக வந்திருந்தது. வராந்தா இருட்டுக்கு அஞ்சி, அறை அறையாக விளக்கை எரியவிட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். மறுசோறு இல்லையென்றதும் எல்லாரும் இலை வழியக் கேட்டு வாங்கினார்கள். மீந்ததைத் தெருநாய்கள்கூட மோந்து பார்த்துவிட்டுப் போயின.

மாடியில் பேச்சித்தாய் என்றொருத்தி. அவள் புருஷனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், தண்ணீரையே டாக்டர் அளந்து குடிக்கச் சொல்லியிருந்தார். ஆனால் அவள் அறைச் சுவரோரம் முழுக்கக் குடங்கள். விடிந்ததும் அத்தனையையும் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுப் புதுத் தண்ணீருக்கு வரிசையில் நின்றாள்.

"ஏ பேச்சித்தாய், நேத்துப் பிடிச்சதையல்லா கொட்டுதே?" என்றார் பிரமநாயகம்.

"பழைய தண்ணிய யாரு வச்சுக் குடிப்பா, அண்ணாச்சி?"

"அப்போ எதுக்கு இவ்வளவு பிடிக்கே?"

"நாளைக்கு நீங்க தூங்கிட்டீங்கன்னா? சாவி ஒங்க இடுப்புலல்லா கெடக்கு."

வரிசையே சிரித்தது.

அவர் குருவிடம் போனார். "இந்த ஜனங்களைத் திருத்த முடியாதும்மா. மாடியைப் பூட்டத்தான் போறாங்க."

அம்மை ஒரு செம்புத் தண்ணீரை அவர் முன் வைத்தார். "ஒங்களுக்கு இதுதான், அண்ணாச்சி. நாளைக் காலைவரை வேற இல்ல."

கத்திரி வெயில். பிரமநாயகம் ஒரு வாய் குடித்தார். செம்பைத் தட்டால் மூடினார். எழுந்து போகும்போது கையோடு எடுத்துப் போனார். சாயங்காலம் நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்போதும் இன்னொரு வாய்தான். படுக்கும்போது தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

காலையில் அம்மை பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்தார். பிரமநாயகம் செம்பில் மிச்சமிருந்ததை முற்றத்தில் ஊற்றிவிட்டு, செம்பை நீட்டினார்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

அம்மை செம்பை நிரப்பிக் கொடுத்தார்.

அன்றே பிரமநாயகம் பூட்டுகளைக் கழற்றினார். ஒழுகுகிற குழாய்களுக்கு வாஷர் மாற்றினார். எந்நேரமும் தண்ணீர் வரும் என்று ஒவ்வொரு அறையாகப் போய்ச் சொன்னார். யாரும் நம்பவில்லை. குடங்கள் நிரம்பிக்கொண்டுதான் இருந்தன.

ஆனாலும் பொறுத்திருந்தார். வராந்தாவில் மறுபடி விளக்கு எரிந்தது. அறைகளில் விளக்கணைத்துத் தூங்கினார்கள். பந்தியில், வேண்டுமளவு கேட்டுக் கேட்டு வாங்கலாம் என்றான பிறகு, இலைகள் சுத்தமாக மூடப்பட்டன. ஒரு நாள் பேச்சித்தாய் குடங்களைக் கீழே கொண்டுவந்து அடுக்கினாள்.

"என்ன, தண்ணி வேண்டாமா?"

"கால நீட்டிப் படுக்க எடமில்ல, அண்ணாச்சி. தண்ணிதான் எங்கயும் ஓடிப் போகலியே."

ஆடி பிறக்குமுன் லாரி வருவது பாதியாகக் குறைந்தது. அறக்கட்டளைத் தலைவர் வந்து, பூட்டில்லாத குழாய்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கூட்டம் அப்படியேதான் இருக்கு. இந்தத் தண்ணி எப்படிப் போதுது?"

பிரமநாயகம் குருவைப் பார்த்தார்.

"தாகத்துக்குப் போதும்" என்றார் அம்மை. "பயத்துக்குத்தான் போதாது."

மாடி பூட்டப்படவில்லை. பேச்சித்தாயும் புருஷனும் அங்கேயே தங்கினார்கள். தை மாதம் அவனுக்குச் சிறுநீரகம் மாற்றினார்கள். கொடுத்தவள் பேச்சித்தாய்.