தலைக்கு மேலே ஒரு சுற்று

ரிமோட் விமானம் பறக்கவிடும் கிளப் ஒன்றில் வேலாத்தாள் புல் வெட்டுகிறவள். கிளம்புகிற விமானத்தின் வாலைப் பிடித்து நிற்பதும் அவள் வேலைதான். பதினோரு வருஷமாக வாலைப் பிடித்தவளுக்கு ரிமோட்டை ஒரே ஒரு தடவை பிடித்துவிட ஆசை. யார் தருவார்கள்?

ஆண்டு விழாவன்று கிளப் தலைவர் துரைவேலு புது விமானத்தோடு வந்தார். "இன்னைக்கு ஜனங்க தலைக்கு மேலேயே விடப்போறேன். வந்து வாலைப் பிடி!"

"ஆளுங்க மேல விடக்கூடாதுன்னு போர்டு இருக்குங்களே."

"அது கத்துக்குட்டிங்களுக்கு. நான் விட்டா விழாது."

"அப்பச் சரிங்க. ஜனங்க வெயில்ல வாடறாங்க. அவங்கள மரத்தடிக்கு அனுப்பிட்டு, அந்த எடத்துல உங்க புதுக் காரை நிறுத்தச் சொல்லட்டுங்களா?"

"என் கார் மேலயா? புத்தி இருக்கா உனக்கு?" என்று கத்தினார் தலைவர்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. விழாவுக்கு வந்திருந்த தாசில்தாரம்மா ரிமோட்டை வாங்கி வேலாத்தாளிடம் நீட்டினார். "காலி வயல் பக்கமா நீயே விடும்மா."

இரண்டு கையாலும் வாங்கினாள். விமானத்தைத் தரையில் வைத்துவிட்டு, தூரத்திலிருந்தும் சொன்னபடி கேட்கிறதா என்று பார்க்க, கிளப்பில் எல்லாரும் செய்வதுபோல முப்பது தப்படி தள்ளி நடந்தாள். ரிமோட்டின் குச்சியைத் தள்ளினாள். வால் அசையவில்லை. மறுபடியும் தள்ளினாள். அசையவே இல்லை. தலைவர் இந்தச் சோதனையைச் செய்யாமலே வந்திருந்தார்.

வேலாத்தாள் வானத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். திரும்பி வந்து ரிமோட்டைத் தலைவர் கையில் வைத்தாள்.

"இன்னைக்கு இது பறக்கக் கூடாதுங்க."