பியூலாவுக்குக் கொடுத்த மீன்

கொளத்தூரில் தொட்டியில் வளர்க்கும் கடல்மீனுக்கு நோய் என்றால் தில்லைநாயகியின் கடைக்குத்தான் கொண்டுவருவார்கள். அவளிடம் வைத்தியம் கற்றுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். கார்மேகம் முதலில் வந்தவன். வயதில் தில்லைநாயகியைவிடவே மூத்தவன். ஆனாலும் வித்தை அவளிடம் இருந்ததால் வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவான். அடுத்தவள் பியூலா. போன தை மாதம் வந்தவள்.

அன்று காலை, கடல்தண்ணீர் எடுக்கக் கோவளத்துக்குக் கிளம்பும்போது தில்லைநாயகி வண்டியில் இருந்தபடியே சொன்னாள்:

"இன்னிக்கு வர்ற மீனைப் பியூலா பார்க்கட்டும்."

"நான் இருக்கேனேக்கா," என்றான் கார்மேகம்.

"தெரியுது. அவ பார்க்கட்டும்."

வண்டி போய்விட்டது. முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைத்தது என்று சும்மாவா சொன்னார்கள்? கார்மேகத்துக்கு வயிறு எரிந்தது. இத்தனை காலம் தொட்டி கழுவி, உப்பு கரைத்து, உள்ளங்கைத் தோல் உரிந்தது அவனுக்கு. மீனோ நேற்று வந்தவளுக்கு.

கொஞ்ச நேரத்தில் ஒரு பல் டாக்டர் வாளியோடு வந்தார். வாளிக்குள் நீல மீன். முதுகில் மட்டும் மஞ்சள் துடுப்பு.

"இரை எடுக்க மாட்டேங்குதும்மா. என் கிளினிக்குக்கு வர்ற குழந்தைங்க இதைப் பார்த்துத்தான் அழாம இருக்குதுங்க. எப்படியாவது காப்பாத்திக் கொடுங்க."

பியூலா மீனைத் தனித் தொட்டியில் விட்டு, தன் மஞ்சள் துண்டை அதன் விளிம்பில் போட்டாள். அந்தக் கடையில் அது சட்டம். துண்டு யாருடையதோ வைத்தியம் அவருடையது. அடுத்தவர் கை வைக்கக் கூடாது. முன்பு ஒருமுறை ஒரே தொட்டியில் இரண்டு பேர் தனித்தனியாக மருந்து ஊற்றி, மீன் அத்தனையும் செத்து மிதந்தன. அதிலிருந்து துண்டு.

பியூலா வெகுநேரம் கண்ணாடியில் மூக்கு உரசப் பார்த்தாள். பிறகு உப்பு அளக்கும் கருவியை எடுத்தாள்.

"வெள்ளைப் புள்ளி நோய்தான். தண்ணியில உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சா பூச்சி செத்துடும். சரிதானேண்ணா?"

கார்மேகம் பக்கத்துத் தொட்டிக்கு டார்ச் அடித்துக்கொண்டிருந்தான். வெளிச்சம் சாய்வாக நீல மீன்மேல் விழுந்தது. அவனுக்குத் திக்கென்றது. வெள்ளைப் புள்ளி என்றால் உப்புக்கல் தூவியதுபோல் தனித்தனியாகத் தெரிய வேண்டும். இதன் உடம்பிலோ பொன்னிறத் தூசி படிந்திருந்தது. மீன் வெளிச்சத்துக்குப் பயந்து விலகி, தண்ணீர் பீய்ச்சும் மோட்டாரின் வாயில் போய் நின்று மூச்சு வாங்கியது. வெல்வெட் நோய். உப்பைக் குறைத்தால் அது போகாது. விட்டால் ஒரே நாளில் ஆளை முடித்துவிடும்.

"அண்ணா, சரிதானே?"

"உன் துண்டு. நீயே பாரு," என்றான் கார்மேகம். டார்ச்சை அணைத்தான்.

அக்காவுக்குப் போன் போடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போனைக் கையில் எடுக்கவும் எடுத்தான். போன் போட்டால் அக்கா பியூலாவிடம்தான் பேசுவாள். மருந்தை அவள் ஊற்றுவாள். பெயர் அவளுக்குப் போகும். வரட்டும், அக்கா நேரில் வரட்டும், யாருக்கு என்ன தெரியும் என்று அவளே பார்க்கட்டும். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதற்கப்புறம் அவனுக்கு வேலை ஓடவில்லை. தொட்டியையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். பொறாமைக்காரனுக்குப் பொழுது நகருமா?

வெயில் சாயும் நேரத்தில் வண்டி வந்தது. தில்லைநாயகி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கார்மேகம் டார்ச்சோடு போய் நின்றான்.

"அக்கா, இவ உப்பைக் குறைச்சுட்டு இருக்கா. இது வெள்ளைப் புள்ளியே இல்லை. வெல்வெட்."

அவன் அடித்த வெளிச்சத்தில் தில்லைநாயகி குனிந்து பார்த்தாள்.

"வெல்வெட்தான்."

பியூலாவின் முகம் செத்துப்போனது. கார்மேகத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை அவன் மறைக்கவுமில்லை.

உடம்பில் படிந்த தூசி கொஞ்சமாவது உதிரட்டும் என்று மீனை உப்பில்லாத நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்தார்கள். வேறு தொட்டியில் காப்பர் மருந்து கலந்து விட்டார்கள். மீன் ஒருமுறை நிமிர்ந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பக்கவாட்டில் சாய்ந்தது. செவுள் அடிப்பது நின்றது.

பியூலா தானே டாக்டருக்குப் போன் போட்டாள்.

"தப்பு என் மேலதான் சார். நோயை மாத்திப் பார்த்துட்டேன்."

சொல்லிவிட்டுத் தாவணி முனையால் கண்ணைத் துடைத்தாள். தில்லைநாயகி அவள் தோளைத் தொட்டாள்.

"போய்த் தொட்டியைக் கழுவு. நாளைக்கு வர்ற மீனும் உனக்குத்தான்."

பியூலா தொட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கார்மேகத்தின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நோயைக் கண்டுபிடிச்சது நான். கோட்டை விட்டது அவ. மறுபடியும் அவளுக்கேவா? என்கிட்ட இல்லாதது அப்படி என்னக்கா இருக்கு அவகிட்ட?"

"நீ எப்போ கண்டுபிடிச்சே?"

"காலையிலயே. பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு."

பெருமையாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

"அவ துண்டுக்கா. அடுத்தவர் கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே..."

தில்லைநாயகி செத்த மீனை வலையில் எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"அவளுக்குத் தெரியலை, கார்மேகம். தெரிஞ்சிருந்தா காலையிலயே சொல்லியிருப்பா."