விரலை மடக்குகிற தசை

டாக்டர் அருளப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கடலோரக் கிராமம் ஒன்றின் அரசு ஆஸ்பத்திரியில் இருபது வருடமாக வேலை. கை அறுவை சிகிச்சை கற்றுக்கொள்ள, தன்னைவிட மிகவும் இளையவரான டாக்டர் நாச்சியாரிடம் வந்து சேர்ந்தார். வரும்போதே ஒரு நோயாளியையும் கூட்டிவந்தார்.

மீன் வெட்டிப் பிழைக்கும் செல்வக்கனி. சில மாதங்களுக்கு முன் கத்தி நழுவி அவளுடைய ஆள்காட்டி விரலின் அடியில் இறங்கியிருந்தது. அருளப்பன்தான் தையல் போட்டார். தழும்பு தெரியாமல் ஆறியது. விரல் மட்டும் மடங்கவில்லை.

“புண் நல்லா ஆறிடுச்சே மேடம், அப்புறம் ஏன்?” என்று கேட்டார்.

நாச்சியார் அவருடைய முன்கையைப் பிடித்து, மணிக்கட்டுக்குச் சற்று மேலே அழுத்தினார். அருளப்பனின் விரல்கள் தானாக மடங்கின.

“மடக்குற தசை இங்கே இருக்கு சார். விரலுக்குப் போறது வெறும் கயிறு. அது அறுந்திருக்கு. நீங்க தோலை மட்டும் தைச்சிருக்கீங்க.”

மருத்துவப் படிப்பின் முதல் வருடப் பாடம். அவரால் செல்வக்கனியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவளுடைய அதே கையிலிருந்து, எடுத்தாலும் கை தேடாத மெல்லிய தசைநாண் ஒன்றை எடுத்து, அறுந்த கயிற்றுக்குப் பதிலாக விரலுக்குள் கோத்தார்கள். பிறகு ஐந்து மாதம் பயிற்சி. ஒரு காலையில் விரல்நுனி உள்ளங்கையைத் தொட்டது. செல்வக்கனி மடக்கினாள், நீட்டினாள், மறுபடி மடக்கினாள். அருளப்பனின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“அன்னைக்கே நான் சரியாப் பார்த்திருந்தா உனக்கு இந்தக் கஷ்டமே இல்லம்மா. தப்பு என்னோடது.”

“டாக்டரம்மா சொன்னப்ப நானும் அங்கனதான சார் இருந்தேன். ஆறிப்போச்சு, போன்னு நீங்க விட்டிருக்கலாம். இங்க கூட்டியாந்து, அஞ்சு மாசமும் பக்கத்துல உக்காந்து மடக்க வச்சீங்கள்ல.”

அவள் போன பிறகும் அருளப்பன் அங்கேயே நின்றிருந்தார்.

“இந்த நன்றியை நான் எந்த முகத்தோட வாங்கிக்கிறது மேடம்?”

நாச்சியார் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு ஊருக்குக் கிளம்புறீங்கள்ல?”

“ஆமா.”

“கையில வெட்டுப்பட்டு யார் வந்தாலும், ஊசியை எடுக்கிறதுக்கு முன்னாடி விரலை மடக்கச் சொல்லிப் பாருங்க.”